தை மாதத்தில் ஒரு நடை: எந்த ஊருக்குப் போகலாம்?

தை பிறந்து விட்டது. அறுவடை முடிந்தது. கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. வேலையும் குறைவு. இந்தச் சமயத்தில் பலருக்கும் எங்காவது போய் வரலாம் என்று தோன்றும்.

நடப்பது நம் மக்களுக்குப் புதிது அல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு எத்தனையோ பேர் நடந்தே போகிறார்கள். சாமியைப் பார்க்க நடக்கும் கால்கள், ஓர் ஊரைப் பார்க்கவும் நடக்கலாம்.

பஸ்ஸில் போனால் ஊர் வேகமாக ஓடி விடும். நடந்து போனால் நின்று பார்க்கலாம். கடைப் பலகையைப் படிக்கலாம். சிலையின் கீழே எழுதி இருப்பதைப் படிக்கலாம். வழியில் இருப்பவர்களிடம் பேசலாம்.

ஆனால் எல்லா ஊரும் நடப்பதற்கு ஏற்றது அல்ல. எல்லா மாதமும் ஏற்றது அல்ல. யோசிக்காமல் கிளம்பினால், ஆண்டு முழுவதும் சேர்த்த பணம் நான்கே நாளில் வீணாகும். அதனால் கிளம்பும் முன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

ஐந்து கேள்விகள்

ஒன்று: அந்த மாதத்தில் அங்கே மழை பெய்யுமா? தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக் காலம். புயலும் வரும். தை, மாசியில் மழை குறைவு.

இரண்டு: குளிர் எவ்வளவு? மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி விழும். ஊர் அழகுதான். ஆனால் கம்பளி வேண்டும். மூச்சு இளைப்பு உள்ளவர்களுக்கு விடியற்காலைக் குளிர் ஆகாது.

மூன்று: பார்க்க வேண்டிய இடங்கள் பக்கம் பக்கமாக உள்ளனவா? தரங்கம்பாடியைப் பாருங்கள். 1620-ல் டென்மார்க் நாட்டவர் கட்டிய கோட்டை, பழைய தேவாலயங்கள், கடல் எல்லாம் அங்கே அருகருகே உள்ளன. அரை நாளில் நடந்து பார்த்து விடலாம்.

நான்கு: பாதை மேடா, சமமா? புதுச்சேரிக் கடற்கரைச் சாலை சமமானது. பாட்டியும் நடக்கலாம், பேரனும் நடக்கலாம். கொடைக்கானலில் ஏற்ற இறக்கம் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

ஐந்து: போய் வர எவ்வளவு செலவு? அங்கே நம் பேச்சு எடுபடுமா?

இந்த ஐந்து கேள்விகளையும் வைத்து ஓர் ஊரைப் பார்ப்போம். அது கடல் கடந்து இருக்கும் ஊர். ஆனாலும் நம் நாட்டு ஊர். அதுதான் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரம். அதன் பழைய பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் வைத்தது. பழைய பெயரையும் மக்கள் சொல்கிறார்கள்.

ஐந்து கேள்விகளுக்கும் பதில்

அந்தமானில் மழை மிக அதிகம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் பெய்யும். இது சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கும் மழை, டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் தெளிவாக இருக்கும். கடலும் அமைதியாக இருக்கும். ஆகவே தை, மாசிதான் நல்ல மாதங்கள்.

குளிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரவில்கூட ஒரு போர்வை போதும். பகலில் வெயில் அடிக்கும்.

இடங்கள் அருகருகே உள்ளன. கடிகார மணிக்கூண்டு உள்ள அபர்தீன் பஜார், செல்லுலர் சிறை, படகுத் துறை, கடற்கரைப் பூங்கா ஆகியவற்றை ஒரே நாளில் நடந்து பார்க்கலாம்.

ஊர் சமமானது அல்ல. சின்னச் சின்ன மேடுகளின் மேல் கட்டிய ஊர் அது. தெரு ஏறும், இறங்கும். மெதுவாக நடந்தால் சிரமம் இல்லை.

செலவுதான் பெரிய கேள்வி. சென்னையிலிருந்து தூரம் சுமார் 1,360 கிலோ மீட்டர். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகலாம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். கப்பல் தினமும் கிடையாது. அது புறப்படும் தேதியை முன்பே விசாரிக்க வேண்டும். சீட்டும் முன்பே எடுக்க வேண்டும். இந்தியர் எவரும் அடையாள அட்டை வைத்திருப்பது அவசியம்.

பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே பொது மொழி இந்தி. வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதி மக்கள் எல்லோரும் கலந்து வாழ்கிறார்கள். தமிழர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் வழியில் படிக்கும் பள்ளிகளும் உண்டு. பஜாரில் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

முதல் நாள் நடை: சிறையும் பஜாரும்

இந்த ஊர் எப்படி உண்டானது? 1857-ல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து வடநாட்டில் பெரும் கலகம் நடந்தது. அதில் பிடிபட்டவர்களை வைக்க வெள்ளையர் ஒரு தொலைவான இடம் தேடினார்கள். 1858 மார்ச்சில் முதல் 200 கைதிகளைக் கப்பலில் கொண்டு வந்தார்கள். அந்தக் கைதிகள்தான் இங்கே காட்டை வெட்டினார்கள். சாலை போட்டார்கள். இன்று நாம் நடக்கும் பாதைகள் அப்படி வந்தவை.

பிறகு 1896-ல் செல்லுலர் சிறையைக் கட்டத் தொடங்கினார்கள். 1906-ல் முடித்தார்கள். கட்டியவர்களும் கைதிகள்தான்.

சிறையின் நடுவில் ஒரு கோபுரம் உண்டு. அதிலிருந்து ஏழு நீண்ட கட்டடங்கள், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போலக் கிளம்பின. ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. மொத்தம் 693 கொட்டடிகள். ஒரு கொட்டடியில் ஒரே ஆள். ஒரு கட்டடத்தின் முன்பக்கம், அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்து இருக்கும். கைதி வெளியே பார்த்தாலும் இன்னொரு கைதியின் முகம் தெரியாது. தனிமைதான் இங்கே தண்டனை.

இன்னொரு தண்டனை செக்கு. மாட்டுக்குப் பதில் மனிதன் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும். அதாவது பதின்மூன்றரைக் கிலோ. குறைந்தால் அடி விழும். நம் வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கு இழுத்தது எல்லோருக்கும் தெரியும். அதே கொடுமை இங்கே பல பேருக்கு நடந்தது.

1933-ல் இங்கே இருந்த அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? தின்னக் கூடிய சோறு கேட்டார்கள். சோப்புக் கேட்டார்கள். படிக்கப் புத்தகம் கேட்டார்கள். படிப்பதற்கு விளக்கு கேட்டார்கள். அதிகாரிகள் அவர்கள் மூக்கில் குழாய் விட்டு வலுக்கட்டாயமாகப் பால் ஊற்றினார்கள். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா என்ற மூன்று பேர் இறந்தார்கள். மற்றவர்கள் விடவில்லை. 46 நாள் கழித்து அரசு இறங்கி வந்தது. புத்தகம் வந்தது. விளக்கும் வந்தது. சிறையே ஒரு பள்ளிக்கூடம் ஆனது.

இன்று ஏழு கட்டடங்களில் மூன்றுதான் மிச்சம். 1979-ல் இது தேசிய நினைவுச் சின்னம் ஆனது. உள்ளே சலவைக் கல்லில் கைதிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எதிரே உள்ள பூங்காவில், சிறையில் உயிர் விட்டவர்களின் சிலைகள் உள்ளன. அவசரப்படாமல் நின்று, ஒவ்வொரு பெயராகப் படிக்க வேண்டும். அல்லது யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சிறையிலிருந்து இறக்கத்தில் நடந்தால் கடல் வரும். காற்று வாங்கிக் கொண்டு பஜாருக்குத் திரும்பலாம்.

இரண்டாம் நாள் நடை: சின்னத் தீவு

படகுத் துறைக்கு நேர் எதிரே ஒரு சின்னத் தீவு தெரியும். அதன் பழைய பெயர் ராஸ் தீவு. படகில் கால் மணி நேரம் ஆகும். முழுத் தீவையும் இரண்டு மணி நேரத்தில் நடந்து சுற்றலாம்.

கைதிகள் அந்தப் பக்கம் செக்கு இழுத்தபோது, வெள்ளை அதிகாரிகள் இந்தத் தீவில் வசதியாக வாழ்ந்தார்கள். மாளிகை, தேவாலயம், ரொட்டிக் கடை, நடன மண்டபம் எல்லாம் இருந்தன. 1941 ஜூனில் பெரிய பூகம்பம் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை தீவுகளைப் பிடித்தது. வெள்ளையர் ஓடினார்கள். ஜப்பானியர் ஆட்சியிலும் தீவு மக்கள் பலர் சித்திரவதைப்பட்டுச் செத்தார்கள்.

இன்று அந்த மாளிகைச் சுவர்களை ஆலமர வகை மரங்களின் வேர்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. கூரை இல்லை. புள்ளிமான்கள் அங்கே மேய்கின்றன. மயில்களும் உண்டு. பார்க்க மிக அழகான இடம்.

1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்த ஊருக்கு வந்து தேசியக் கொடி ஏற்றினார். அதன் நினைவாக 2018-ல் இந்தத் தீவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

மூன்றாம் நாள் நடை: மரமும் மலையும்

ஊரின் ஓரத்தில் சாத்தம் என்ற சின்னத் தீவு உண்டு. பாலத்தில் நடந்தே போகலாம். அங்கே 1883-ல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை உள்ளது. அந்தமானின் பேர் பெற்ற படாக் மரம் அங்கே அறுபடும். அதன் நிறம் சிவப்பு.

சாத்தத்திலிருந்து படகில் அக்கரைக்குப் போகலாம். அங்கே ஹேரியட் மலை. உயரம் சுமார் 1,200 அடி. பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? அதன் பின்பக்கம் தென்னை மரமும் கடலும் இருக்கும். அது இந்த மலையிலிருந்து தெரியும் காட்சிதான். 1891-ல் வெள்ளையரோடு போரிட்டுத் தோற்ற மணிப்பூர் அரச குடும்பத்தாரை இங்கே காவலில் வைத்தார்கள். அதனால் 2021-ல் இதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றினார்கள். மேலே காட்டு வழியாகச் சுமார் 2 கிலோ மீட்டர் நடந்தால் கறுப்புப் பாறை வரும். அதை இந்தியில் காலா பத்தர் என்பார்கள்.

1872 பிப்ரவரி 8 அன்று இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு இந்த மலைக்கு வந்தார். அதுவும் தை மாதம்தான். சூரியன் மறைவதைப் பார்த்து விட்டுக் கீழே இறங்கினார். இருட்டில் படகுத் துறையில் ஷெர் அலி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். ஷெர் அலியைத் தூக்கில் போட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை

அந்தமான் கிழக்கே இருப்பதால் சீக்கிரம் விடியும், சீக்கிரம் இருட்டும். தையில் ஐந்தே முக்காலுக்கு விடிந்து விடும். மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்து விடும். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். நடுப் பகலில் ஓய்வு எடுங்கள். இருட்டும் முன் திரும்புங்கள்.

பழகிய செருப்பைப் போடுங்கள். புதுச் செருப்பு கடிக்கும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊருக்குத் திரும்பும் வரை போதுமான மாத்திரையைக் கையோடு வைத்திருங்கள். கப்பலோ விமானமோ தாமதமாகலாம்.

கழிமுகங்களிலும் சில கடற்கரைகளிலும் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் படியுங்கள். அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம்.

பவளத்தைப் பொறுக்கி எடுத்து வரக் கூடாது. அது குற்றம்.

இன்னொன்று மிக முக்கியம். ஜாரவா போன்ற பழங்குடி மக்கள் வாழும் காடுகளுக்குள் வெளியார் போகக் கூடாது. 1956 முதல் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. அவர்களைப் படம் எடுக்கவும் கூடாது. அவர்கள் வேடிக்கைப் பொருள் அல்ல. ஒரு காலத்தில் ஆயிரக் கணக்கில் வாழ்ந்தவர்கள் பெரிய அந்தமானியர் என்ற மக்கள். வெளியார் கொண்டு வந்த நோய்களால் அவர்கள் அழிந்து, இன்று ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நாம் நடக்காமல் விட வேண்டிய இடங்களும் உண்டு.

எந்த ஊர் நல்லது?

அந்தமான் போக எல்லோராலும் முடியாது. பணம் போதாவிட்டால் கடன் வாங்கிப் போக வேண்டாம். தரங்கம்பாடி போகலாம். புதுச்சேரி போகலாம். பக்கத்து ஊர்க் கோட்டைக்கும் போகலாம். ஐந்து கேள்விகள் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

எங்கே போனாலும் அழகை மட்டும் பார்த்து விட்டு வந்து விடக் கூடாது. அந்தப் பாதையைப் போட்டவர் யார்? அந்தச் சுவரைக் கட்டியவர் யார்? இதையும் கேட்க வேண்டும். அந்தமானில் படிக்க ஒரு விளக்கு கேட்டு மூன்று பேர் உயிர் விட்டார்கள். இன்று அந்தச் சுவரில் உள்ள பெயர்களை நாம் படிக்கிறோம்.

படித்தோம், பேசுவோம்

1. அந்தமானுக்குப் போகத் தை, மாசி ஏன் நல்ல மாதங்கள்?
2. செல்லுலர் சிறையில் ஒரு கைதி இன்னொரு கைதியைப் பார்க்க முடியாதது ஏன்?
3. 1933-ல் கைதிகள் என்னென்ன கேட்டார்கள்?
4. உங்கள் ஊரில் நடந்து பார்க்க ஏற்ற பழைய இடம் எது? அதைக் கட்டியவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.