பழைய ரேடியோ, போனை எடைக்கு போடாதீங்க! மியூசியத்துக்கு கொடுக்கலாம்

விழுப்புரம்,

வீட்டை இடித்து கட்டும்போது பரணில் இருந்து இறங்கும் சாமான்களில் மரப்பெட்டி ரேடியோவும், கறுப்பு டெலிபோனும் கட்டாயம் இருக்கும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பல வீடுகளில் இவை நேராக பழைய இரும்புக்கடைக்குத்தான் போகின்றன. செம்புக் கம்பியை உருவிக்கொண்டு மீதியை தூக்கி எறிந்து விடுவார்கள். அதோடு அந்த வீட்டின் கதையும் போச்சு!

சென்னை வானொலி நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி தொடங்கியது. அடுத்த ஆண்டு திருச்சி நிலையம் வந்தது. பக்கத்தில் உள்ள புதுச்சேரிக்கு 1967-ல்தான் நிலையம் கிடைத்தது. அதுவரை நம்ம ஊர்க்காரர்கள் சென்னை, திருச்சி, இலங்கை என்று முள்ளை திருகித் திருகி கேட்டார்கள். சுவிட்சை போட்டதும் பாட்டு வராது. உள்ளே இருக்கும் வால்வு சூடாக வேண்டும். அதுவரை பொறுமையா உட்காரணும்.

ரேடியோ வைத்திருக்க லைசென்சும் வேணும். தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி புதுப்பிக்க வேண்டும். இந்த முறை 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அந்த லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் விடாதீங்க. ரேடியோவை விட அதுதான் அரிது.

டெலிபோன் கதை வேறு. வட்டில் 5-ஐ சுற்றினால் 5 துடிப்பு, 0-வை சுற்றினால் 10 துடிப்பு எக்ஸ்சேஞ்சுக்கு போகும். அதை எண்ணித்தான் லைன் கிடைக்கும். பேசத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் இருந்தே வந்ததால் வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது. வட்டு இல்லாமல் கைப்பிடி சுற்றும் போனும் உண்டு. எஸ்.டி.டி. வரும் முன் வெளியூருக்கு பேச டிரங்க்கால் புக் செய்துவிட்டு காத்துக்கிடந்தார்கள்.

சரி, எங்கே கொடுப்பது? 1993 வரை விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் கடலூரை தலைநகராக கொண்ட தென்னாற்காடு மாவட்டம்தான். அந்த கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் மியூசியம் 1851-ல் இருந்தே உள்ளது. காப்பாட்சியருக்கு போட்டோவுடன் கடிதம் எழுதி, வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். யார், எந்த ஆண்டு, எங்கே வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் வெறும் மரப்பெட்டிதான்.

வார்னிஷ் அடிக்க வேண்டாம். பழைய ரேடியோவை ஆசையாக பிளக்கில் சொருகவும் கூடாது. உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பழைய கண்டென்சர் வெடிக்கலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் பார்த்த பிறகே சுவிட்சை போடணும்.