பிடரியைப் பிடித்தால் பூனை அடங்குமா?

கண்டி மஹய்யாவப் பகுதியிலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையை அண்டிச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் லயன் வீடுகளுள் ஒன்றில் அவரும் பிள்ளைகளும் ஒரு பெண் பூனையும் வசிக்கிறார்கள். தீபாவளிப் பட்டாசுக்கு மிரண்டு அலுமாரியின் மேல் ஏறிக்கொண்ட அந்தப் பூனையை இறக்கப் போன மூத்த மகனின் முழங்கை நீளக் கீறிக் கிழிந்துவிட்டதாம். அடுத்த வீட்டுப் பெரியவர், பிடரியைப் பற்றித் தூக்கினால் அடங்காத பூனை இல்லை என்கிறார். மகனோ, உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைப் பிடரியில் மாட்டியதும் பூனை சுருண்டு படுத்துவிடும் வீடியோ ஒன்றைக் கைத்தொலைபேசியில் காட்டி, அதுவே சுலபம் என்கிறான். இவ்விரண்டில் எது பூனைக்குத் தீங்கில்லாதது என்பது அம்மையாரின் கேள்வி.

இரண்டுக்கும் அடியில் ஒரே உண்மைதான் இருக்கிறது. அது மிக அழகான உண்மையும்கூட. தாய்ப்பூனை தன் குட்டியின் பிடரித் தோலைக் கவ்வித் தூக்கும் அந்தக் கணத்திலேயே, அதுவரை கால்களை உதறிக் கத்திக்கொண்டிருந்த குட்டி கத்தலை நிறுத்தி, பின்னங்கால்களை வயிற்றோடு மடக்கி, வாலை உள்ளே சுருட்டி, முதுகை வளைத்து, தன் சரீரம் முழுவதையும் ஒரு சிறு உருண்டையாக ஒடுக்கிக்கொள்கிறது. இந்த ஒடுக்கம் எப்படி நிகழ்கிறது என்பதை ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த குமி குரோடா, ஜான்லூக்கா எஸ்பொசித்தோ முதலிய விஞ்ஞானிகள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி பெரும்பாலும் தெளிவாக்கியது. அவர்கள் பூனையை எடுத்துக்கொள்ளவில்லை. சுண்டெலிக் குட்டிகளையும், ஆறு மாதம் வரையுள்ள மனிதக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். தாய் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்திருந்த வேளையில் காணாத அமைதி, அவள் எழுந்து நடக்கத் தொடங்கிய சில விநாடிகளில் வந்தது: அழுகை குறைந்தது, கைகால் உதறல் குறைந்தது, இருதயத் துடிப்பும் தணிந்தது. தாய் கவ்விச் செல்லும் சுண்டெலிக் குட்டியிடமும் இதே மூன்று மாற்றங்கள் தோன்றின.

இதன்பின் அவர்கள் செய்த பரீட்சைகள்தாம் என்னைப் பெரிதும் கவர்ந்தவை. பிடரித் தோலை மரத்துப்போகச் செய்தபோது குட்டியின் ஒடுக்கம் குலைந்தது; தோலின் உணர்ச்சியை விட்டுவைத்து, உடம்பு எந்த நிலையில் தொங்குகிறது, எப்படி அசைகிறது என்று தசைகளும் மூட்டுகளும் மூளைக்கு ஓயாமல் தெரிவிக்கும் உணர்ச்சியைப் போக்கியபோதும் அது குலைந்தது. ஆகவே ஸ்பரிசம் ஒன்று, தூக்கிச் செல்லப்படுகிறோம் என்ற பிரக்ஞை மற்றொன்று என இரண்டு செய்திகள் ஒருங்கே போய்ச் சேரவேண்டியிருக்கிறது. துடிப்பைத் தணிக்கும் வேலை பரபரிவு நரம்புத் தொகுதியினுடையது; உடலை உருண்டையாக ஒடுக்கும் வேலைக்கு மூளி எனப்படும் சிறுமூளை தேவைப்படுகிறது. இத்தனை ஏற்பாடும் யாருக்காக என்றால், குட்டிக்கும் தாய்க்கும் ஒருங்கே பயன்படுவதற்காக: ஒடுக்கம் குலைக்கப்பட்ட குட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கத் தாய்ச் சுண்டெலிக்கு அதிக நேரம் பிடித்தது.

மலைச்சரிவுப் படிக்கட்டில் விறகுக் கட்டைத் தலையில் வைத்து ஏறி வரும் பெண்ணின் சிரமத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தளர்வாகக் கட்டிய விறகில் ஒவ்வொரு கொம்பும் ஒவ்வொரு திசையில் ஆடி அவள் கழுத்தைத் திருகுகிறது. இறுகக் கட்டிய கட்டு சும்மாட்டின்மேல் அசையாமல் அமர்கிறது. பூனைக்குட்டியோ தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் விறகு. பிடரி அதன் முடிச்சு. தாயின் வாய் முடிச்சைத் தொட்டு, கட்டும் தரையை விட்டு எழுந்து ஆடத் தொடங்கியதும், உள்ளிருக்கும் கயிறு தானாக இறுகுகிறது. சில வாரங்களில் அந்தக் கட்டு வேர்விட்டுத் தானே நடக்கும் மரமாகிவிடுகிறது. தாயும் அதைத் தூக்குவதை நிறுத்திவிடுகிறாள். கயிறு இற்றுப்போய், முடிச்சு இருந்த இடம் மட்டும் பட்டையில் ஒரு தழும்பாக எஞ்சியிருக்கையில், நான்கு கிலோ மரத்தை அந்தத் தழும்பைப் பற்றித் தூக்குகிறவன் பட்டையைத்தான் உரிக்கிறான்.

வளர்ந்த பூனைக்குப் பிடரிப் பிடியின் பொருளே வேறு. கலவியின்போது ஆண் பூனை பெண்ணின் பிடரியைக் கவ்விப் பிடிக்கிறது; சண்டையில் எதிரி அங்கே பாய்கிறது; எலியைக் கொல்லும் கடியைப் பூனை எலியின் பிடரியில்தான் பதிக்கிறது என்பதைப் பூனைகளின் நடத்தையை ஆயுள் முழுதும் கவனித்த ஜெர்மானிய அறிஞர் பவுல் லைஹவுசன் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் விழும் பிடியைத் தாயின் அணைப்பென்று ஒரு முதிர்ந்த பூனை எண்ணிக்கொள்ளும் என்பதற்கு நியாயம் இல்லை.

அசையாமை அமைதியாகிவிடாது என்பதற்குச் சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணம். அதனேசியுஸ் கிர்ச்சர் என்ற இயேசு சபைத் துறவி 1646இல் ஒரு கோழியைத் தரையில் அழுத்தி, அதன் அலகுக்கு முன்னால் சுண்ணக் கோடு ஒன்றைக் கிழித்து, அது அசைவற்றுக் கிடப்பதை அதிசயமென்று எழுதிவைத்தார். கோழியிடம் காணும் அந்த ஸ்தம்பிப்பு அச்சத்தின் விளைவு என்பது இன்று தெளிவு.

இனிக் கிளிப்புக்கு வருவோம். அந்த வீடியோ பொய்யன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பபிங்டன் குழுவினர் காகிதக் கட்டுகளுக்கு மாட்டும் கவ்விகளைப் பூனைகளின் பிடரியில் பொருத்திச் சோதித்து, பல பூனைகள் முதுகை வளைத்து, வாலைச் சுருட்டி அடங்குவதையும், அச்சத்தின் அறிகுறிகள் அவற்றிடம் காணப்படாததையும் 2008இல் வெளியிட்டார்கள். கைத்தொலைபேசிகளில் உலவும் ஆரவாரமெல்லாம் இந்த முதல் முடிவோடு நின்றுவிடுகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கவ்வி, பிடரிப் பிடி, உடல் முழுவதையும் அழுத்திப் பிடித்தல், கையை மேலே வைத்து இலேசாகத் தாங்குதல் ஆகியவற்றை ஒப்பிட்டு, கண்மணியின் விரிவையும் காதின் நிலையையும் மூச்சின் வேகத்தையும் அளந்து பார்த்தது. இலேசாகத் தாங்கிய பூனைகளே மிகக் குறைவாகத் துன்பப்பட்டன. கவ்வியும் முழு அழுத்தமும் அதிகத் துன்பம் தந்தன. பூனை மருத்துவச் சர்வதேச அமைப்புகளின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டிகளும் பிடரிப் பிடியை விலக்குகின்றன. அசையாதிருப்பது அமைதியின் லக்ஷணமென்று எடுத்துக்கொண்டதில்தான், பெரியவரும் வீடியோவும் ஒருங்கே பிழைபட்டுவிட்டார்கள்.

அப்படியானால் அலுமாரியின் மேலிருக்கும் பூனையை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலிருப்பதே சரி. பட்டாசுக்கோ பெரஹராக் காலத்து வேட்டுக்கோ மிரண்ட பூனைக்கு, கைக்கெட்டாத உயரமும் இருட்டான மறைவிடமுமே மருந்து. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடாமலும் பார்த்தபோது, பெட்டி பெற்றவை விரைவில் பதற்றம் நீங்கின. சாந்தி தருமென்று விற்கப்படும் கழுத்துப்பட்டைகளையும் தெளிப்பான்களையும் வாங்குமுன், சில்லறைக் கடையில் சவர்க்காரம் வந்த வெற்றுப் பெட்டியொன்றைக் கேட்டு வாங்கி, பழைய சேலைத் துண்டொன்றை உள்ளே விரித்து, கட்டிலுக்கடியில் வைத்துவிடுங்கள். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் புழங்கும் வீட்டுக்கு அது பெரும் உபகாரம். மிரண்ட பூனை, தன்னை மிரட்டியதை எட்டமுடியாமல், அருகில் வரும் கையின்மீது கோபத்தைத் திருப்புவதும் உண்டு. மகனின் கை கிழிந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தூக்கியே தீரவேண்டிய வேளை வந்தால், உதாரணமாகப் பேராதனையிலுள்ள மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தால், நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் அணுகி, ஒரு கை நெஞ்சுக்கடியிலும் மற்றக் கை பின்னங்கால்களுக்கடியிலுமாக முழு எடையையும் தாங்கி, உடம்போடு சேர்த்துக்கொள்ளவேண்டும். முரண்டு பிடிக்கும் பூனையைத் தடித்த துவாயொன்றால் போர்த்தி, இறுக்காமல் சுற்றி எடுக்கலாம். காது பக்கவாட்டில் சாய்வதும், வால்நுனி துடிப்பதும், முதுகுத்தோல் சிலிர்த்து ஓடுவதும் கண்டால் அத்தோடு விட்டுவிடவேண்டும். கூடையை மாதத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் போகும்போது மட்டும் எடுக்காமல், அது எந்நேரமும் திறந்தபடி மூலையில் கிடந்து பூனை தானாக அதில் உறங்கப் பழகியிருந்தால், இந்தச் சிரமத்தில் பாதி இல்லை.

சிட்சை என்பதைப் பற்றியும் அம்மையார் கேட்டிருக்கிறார். கதிரையின் துணியைக் கிழிக்கும் பூனையை அடிப்பது தகுமா என்று. தகாது. தண்டனை செயலோடு ஒட்டி அந்த விநாடியிலேயே வராவிட்டால் பூனை இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை. அந்த விநாடியிலேயே வந்தாலோ, அடித்த கையைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்கிறது. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும் தன் வாசனையைப் பதிக்கவும் அது கீறியே ஆகவேண்டும். ஆகையால் பூனை நிமிர்ந்து நின்று எட்டுமளவு உயரமான பலகையில் தும்புக் கயிறு சுற்றி, கதிரைக்கு அருகிலேயே ஆடாமல் நிறுத்தி, அதில் கீறும்போது ஒரு துண்டு நெத்தலிக் கருவாடு கொடுத்தால் போதும்.

மகனின் காயத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிய கவலை. கீறலோடு கடியும் பட்டிருக்கலாம்; பூனையின் பல் மெல்லியது, ஆழமாக இறங்குவது. மேலே சிறு துளைபோல் தோன்றும் காயத்தின் அடியில் கிருமி தங்கிச் சீழ் பிடிக்கும். விசர்நாய்க்கடி நோய் நாயிடமிருந்து மட்டுமன்றிப் பூனையிடமிருந்தும் தொற்றக்கூடியது, அறிகுறி தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது. கடியோ கீறலோ பட்டவுடன் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே கண்டி வைத்தியசாலைக்குப் போய்க் காட்டவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான தடுப்பூசிக்குக் கட்டணம் இல்லை. இன்னும் போகாமலிருந்தால், இதை வாசித்ததும் மகனை அழைத்துக்கொண்டு போங்கள்; பூனைக்கும் அந்தத் தடுப்பூசியைப் போடுவித்து, அட்டையைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.