சோற்றுப் பொதியும் இருதயமும்

முப்பது ஆண்டுகள் பதுளையில் ஆசிரியத் தொழில் பார்த்தேன். மதிய உணவு பெரும்பாலும் கடைச் சோற்றுப் பொதியே. ஆவி பறக்கும் சோற்றைப் பொலித்தீன் தாளிற் கொட்டி, அதன்மேல் தேங்காய்ப்பாற் கறியை வார்த்துக் கட்டித் தருவார்கள். நண்பகலிற் பிரிக்கையில் தாள் சோற்றோடு ஒட்டியிருக்கும். உரித்துவிட்டு உண்பேன். அதைப் பற்றி ஒரு கணமேனும் சிந்தித்தேனில்லை.

சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து பிழைத்தெழுந்தேன். புகை, உப்பு, எண்ணெய், பெற்றோரின் நோய் யாவற்றையும் மருத்துவர் வினவினார். சோற்றைச் சுற்றிய தாளைப் பற்றிக் கேட்டாரல்லர். அவரைக் குறை கூறேன். அவ்வினா மருத்துவ உலகுக்கே புதிது.

2024 மார்ச்சில் இத்தாலிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. கழுத்து நாடியின் அடைப்பைச் சத்திரசிகிச்சையால் அகற்றிக்கொண்ட 257 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். அகற்றிய கொழுப்புப் படிவைச் சோதித்தபோது 150 பேரிடம் பொலித்தீனின் நுண்துகள்கள் இருந்தன. பிளாஸ்டிக் துகள் உடையோர்க்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் ஆபத்து, இல்லாதோரினும் நான்கரை மடங்கு. ஆயினும் துகளே நோயை விளைத்தது என்று துணிதல் ஆகாது. உடனிருப்பது வேறு, காரணமாவது வேறு. அத்துகள் உணவு வழி வந்ததா, மூச்சு வழி வந்ததா என்பதும் அதில் இல்லை.

நிற்க. துகள் மட்டுமன்று. சிலவகைப் பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்கச் செய்யும் தலேற்று என்னும் இரசாயனம் அதனோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. சூடும் கொழுப்பும் பட்டாற் கசிந்து உணவிற் சேரும். இதற்கும் இருதய நோய்க்கும் தொடர்பு உண்டெனப் பல ஆய்வுகள் ஐயுறுகின்றன.

2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் சோறு கட்டும் பொலித்தீன் தாளுக்குத் தடை வந்தது. குப்பைக்கு அஞ்சிப் பிறந்த தடை அது. இருதயத்தை எவரும் நினைத்திலர்.

என் தமக்கை பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவள். தேத்தண்ணீரைத் தூக்குப் பாத்திரத்திற் கொண்டுபோவாள். அவள் மகளோ கொதிக்கும் தேத்தண்ணீரைப் பழைய சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு மலையேறுகிறாள். “கண்ணாடிப் போத்தல்னா சரிவுல விழுந்தா உடைஞ்சிடுமே மாமா” என்றாள். நியாயந்தான். தீபாவளிக்கு எவர்சில்வர் குடுவையொன்று வாங்கிக் கொடுத்தேன். கொழுந்துக் கூடையோடு சுமக்கக் கனமென்று, அஃது இன்னும் அலுமாரியில் இருக்கிறதாம்.