அரிசிப் பூஞ்சணத்தினின்று கிடைத்த ஔஷதம்

ஈரங்கண்ட அரிசி பூஞ்சணம் பூத்துக் கெடுவது குடியானவர்கள் நன்கறிந்த நஷ்டம். அத்தகைய பூஞ்சணமொன்றே இரத்தத்தில் மிகுந்த கொலஸ்டிரால் என்னும் கொழுப்பைக் குறைக்கும் மருந்துக்கு மூலமாயிற்று. ஜப்பானில் அகிடா பிரதேசத்து வேளாண் குடும்பத்திற் பிறந்த அகிரா எண்டோ என்பார், 1971-ஆம் வருஷந் தொடங்கிச் சுமார் 6,000 நுண்ணுயிர்களைப் பரிசோதித்து, கியோட்டோ நகரத் தானியக் கடை அரிசியிற் கண்ட பெனிசிலியம் சிட்ரினம் என்னும் பூஞ்சணத்தினின்று 1973-இல் காம்பாக்டினைப் பிரித்தெடுத்தார். கொலஸ்டிராலை உண்டாக்கும் என்ஸைமொன்றை அது ஈரலில் தடுக்கின்றது. ஈரலோ தனக்கு வேண்டியதை இரத்தத்தினின்றே இழுத்துக்கொள்கின்றது. ஆஸ்பர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்னும் மற்றொரு பூஞ்சணத்தினின்று கிடைத்த லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தயாரிப்பு முறை பாலுக்கு உறை குத்துவதையே ஒக்கும். சர்க்கரையும் தழைச்சத்தும் கலந்த நீரைப் பெரிய எஃகுத் தொட்டியிற் கொதியாவியாற் சுத்தி செய்து, ஆறியபின் பூஞ்சண வித்தையிட்டு, சுத்தமான காற்றை இடைவிடாது செலுத்திப் பல நாள் கலக்குவர். அன்னிய கிருமி புகுந்தால் தொட்டி முழுதும் வீணே. மருந்தைப் பின்னர்ப் பிரித்தெடுத்துப் படிகமாக்குவர்.

பெனிசிலியம் சிட்ரினம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்னும் விஷத்தையும் சுரக்க வல்லது. ஆதலின் பூஞ்சணம் பிடித்த அரிசியை மருந்தென்றெண்ணி உண்பதும், மாட்டுக்கு வைப்பதும் ஆகா. கழுவிச் சமைத்தால் அவ்விஷம் முற்றும் நீங்குமென நம்புதற்கில்லை.