கருப்பட்டிக் காபியும் சர்க்கரைக் கணக்கும்

மதுரையைத் தாண்டித் தெற்கே போனால் நெடுஞ்சாலை நெடுகக் 'கருப்பட்டிக் காபி' போர்டுகள். 'சீனி கிடையாது' என்று பெருமையாக எழுதிப்போட்ட கடைகளும் உண்டு. சுகர் உள்ளவர்களும் 'இயற்கைதானே' என்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடிக்கிறார்கள். அந்தத் தைரியம்தான் எனக்கு உறுத்துகிறது.

வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் சுமார் 380. தேனில் 300 சொச்சம். அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் வந்த குறைவு அது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சர்க்கரைக்கு வரம்பு விதித்தபோது தேனையும் அதே கணக்கில்தான் சேர்த்தது. நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள், நிறுத்திக்கொண்டால் நல்லது என்றது.

'வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே?' இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராமுக்கு 2.64 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். வெல்லத்தை மட்டும் நம்பினால் தினம் ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டியிருக்கும். அதற்கு முருங்கைக்கீரையே மேல்.

சீனித்துளசி வேறு ரகம். கலோரி இல்லை, ரத்தச் சர்க்கரையையும் ஏற்றாது. ஆனால் நாக்கில் லேசாகக் கசப்பு தங்கும். உடல் எடையைக் குறைக்க இதையெல்லாம் நம்பவேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியும்விட்டது.

அப்படியானால் கருப்பட்டி எதற்கு? ருசிக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பின்னால் இருக்கும் பாடு கொஞ்சமல்ல. பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவ வேண்டும். பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். இறக்கிய பதநீரை மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாதிருக்க நசுக்கிய ஆமணக்கு விதை போடுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்கள். அந்தப் புகைமணமும் மெல்லிய உப்புக்கரிப்பும் எந்த ஆலைச் சர்க்கரையிலும் வராது.

இவ்வளவு பாடு இருப்பதால்தான் கலப்படமும். கலக்கப்படுவது எது தெரியுமா? நாம் வேண்டாமென்று ஓடிவந்த அதே வெள்ளைச் சர்க்கரை! பதநீர் குறைந்த மாதங்களில் பாகோடு சேர்த்துக் காய்ச்சிவிடுகிறார்கள். கரும்பு வெல்லத்திலும் இந்த வேலை நடக்கிறது. சேலம் பக்கத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

கடையில் சீனி கிலோ 50 ரூபாயை ஒட்டி. கலப்பில்லாத கருப்பட்டி 300-ஐத் தாண்டும். 150 ரூபாய்க்குச் 'சுத்தமான கருப்பட்டி' என்று யாராவது நீட்டினால், அதில் பதநீர் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.