விளையாட்டுக் கணிப்பொறியும் வீட்டுச் சங்கிலியும்

2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு மாலை வேளை. நம் பங்கைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கடையின் விலைப்பட்டியல் இருந்தது.

"சாமி, சின்னவன் கம்ப்யூட்டர் கேட்கிறான். விளையாடுவதற்காம். எண்பத்தையாயிரம் ஆகுமாம். அவன் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

விளையாட்டுக்காகத் தாயின் சங்கிலியா? நமக்குச் சினமே மூண்டது. மறுநாள் பையனை அழைத்துக் கண்டிக்கவே எண்ணினோம். ஆனால் அவன் கூறிய காரணம் நம் வாயை அடைத்துவிட்டது.

"அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, சாமி. போனில் பேசினால் 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் இணையத்தில் விளையாடுகிறார். நானும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் ஒன்றாய் இருக்கலாமே!"

விருப்பத்தில் தவறில்லை, விலையில்தான் தவறு என்று அப்போதே தெளிந்தோம். "தம்பி, கடைக்காரர் எழுதியதை மறந்துவிடு. ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது, உன் விளையாட்டுக்கு அது தேவைதானா என்று நீயே எழுதிக்கொண்டு வா" என்றோம். ஒரு வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். அன்று அவன் ஆசிரியன், நாம் மாணவர். கற்றுக்கொண்டதை நம் குடும்பங்களுக்கும் பயன்படுமென்று இங்கே தருகிறோம்.

எந்த விளையாட்டு?

கணிப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் முன் விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் எத்தகைய கருவி போதும் என்பதை அதை உருவாக்கியவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஆட விரும்பியது 'டோட்டா 2'. பக்கத்திற்கு ஐவராக இரு அணிகள் மோதும் ஆட்டம் இது. 2013-இல் வெளிவந்தது, கட்டணமில்லை. வயதான விளையாட்டாதலால் கணிப்பொறிக்குப் பெரும் சுமை தருவதில்லை. 2023-இல் வந்த 'கவுண்டர் ஸ்டிரைக் 2'-உம் இலவசமே. ஆயினும் அதன் சுமை சற்று மிகுதி. எந்த ஆட்டம் என்று கேளாமலே விலை சொல்லும் கடைக்காரர், நோயைக் கேளாமல் மருந்து கொடுப்பவரை ஒப்பார்.

பணம் எங்கே போயிற்று?

பட்டியலில் மிகுந்த விலை பெற்றிருந்தது கிராபிக்ஸ் கார்டு. திரையில் தோன்றும் உருவங்களை வரைந்து தருவது அதன் பணி. ஆனால் சில பிராசஸர்களுக்குள்ளேயே இந்த வரையும் பகுதி அடங்கியிருக்கிறது. ஏ.எம்.டி. நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'ரைசன் 5 5600ஜி' அத்தகையது. ஆறு உட்கருக்கள் கொண்ட இந்தப் பிராசஸர் ஒன்றே கணக்கையும் போடும், படத்தையும் வரையும். காட்சியின் நுணுக்கத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் டோட்டா 2-க்கு இதுவே போதும். பிற்காலத்தில் வசதி வந்தால், அன்று தனிக் கார்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது திரை. வினாடிக்கு 144 முறை படத்தை மாற்றும் மானிட்டரைக் கடைக்காரர் எழுதியிருந்தார். வினாடிக்கு 60 படங்களை மட்டுமே வரையும் கணிப்பொறிக்கு 144 எதற்கு? வண்ண விளக்கு எரியும் விசிறிகளோ வேகத்தில் ஓர் அணுவளவும் கூட்டுவதில்லை. இம்மூன்றையும் நீக்கியதுமே பட்டியலின் கனம் பாதியாயிற்று.

எங்கே குறைக்கலாகாது?

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. மூன்று இடங்களில் கை சுருங்கலாகாது.

முதலாவது, எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கிப் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாய் வரும் பெயர் தெரியாத பெட்டி பழுதுபட்டால், தான் மட்டும் அழியாது. மற்றப் பாகங்களையும் அழிக்கக்கூடும். மேற்சொன்ன பிராசஸரின் வெப்பத் திட்ட அளவு 65 வாட்தான். எனவே 450 வாட் போதும். ஆனால் அது பெயர் பெற்ற நிறுவனத்தின் 450 வாட்டாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ராம் எனும் நினைவகம். 16 ஜி.பி. வேண்டுமானால், ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணிப்பொறி, படம் வரைவதற்கும் இந்த நினைவகத்தையே பயன்படுத்துகிறது. இரு துண்டுகள் இருந்தால் தகவல் செல்லும் பாதையும் இரண்டாகிறது. விலை ஏறக்குறைய ஒன்றே, பயனோ கண்கூடு.

மூன்றாவது, சேமிப்பு. பழைய சுழலும் வட்டைவிட எஸ்.எஸ்.டி. பன்மடங்கு விரைவானது.

தொலைவை விலைக்கு வாங்க முடியுமா?

"விலையுயர்ந்த கணிப்பொறி வாங்கினால் இணையத்தில் தடங்கல் வராது" என்று பலர் நம்புகின்றனர். இது பிழை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். செய்தி போய்த் திரும்பக் குறைந்தது ஒரு வினாடியின் ஆயிரத்தில் 29 பங்காவது ஆகும். கேபிள் சுற்றிச் செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். இலட்சம் கொடுத்தாலும் இதைக் குறைக்க இயலாது. நம்மால் இயன்றது ஒன்று உண்டு: வைஃபையை நம்பாமல் மோடத்திலிருந்து நேரே கேபிள் இழுப்பது. சில நூறு ரூபாய் செலவில் ஆட்டத்தின் தடுமாற்றம் பெரிதும் அடங்கும்.

பழைய கணிப்பொறி நல்லதா?

அலுவலகங்கள் கழித்துவிடும் கணிப்பொறிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே வாங்குமுன் தலைமுறையைக் கேளுங்கள்.

கள்ளப் பிரதி விண்டோஸைப் போட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகளும் உண்டு. பிறர் உழைப்பைத் திருடுவதோடு, வைரசையும் வீட்டுக்கு அழைப்பதாகும் இது. உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது; டோட்டா 2 அதில் ஓடும். 'வேலரண்ட்' போன்ற சில ஆட்டங்கள் லினக்ஸில் ஓடுவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்க.

சங்கிலி தப்பியது

தந்தையும் மகனும் சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குச் சென்றனர். நோட்டுப் புத்தகத்தில் இருந்ததைத் தவிர வேறெதையும் வாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினர். பில் இன்றி வாரண்டி இல்லையன்றோ! மானிட்டர் உட்பட மொத்தச் செலவு ரூ. 39,000-க்குச் சற்றுக் குறைவு. வீட்டுச் சேமிப்போடு அண்ணன் அனுப்பிய தொகையும் சேர, கணக்கு நேராயிற்று. (2025-இன் இறுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே இதே பட்டியலுக்கு இதே தொகை போதுமென்று எவரும் எண்ண வேண்டாம்.)

பூட்டும் வேலை பங்கு இல்லத்து மேசையிலேயே நடந்தது. உடலில் தேங்கிய மின்னூட்டம் இறங்க இரும்புக் கேபினெட்டை முதலில் தொட்டான். பிராசஸரின் மூலையிலிருந்த முக்கோணக் குறியை மதர்போர்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தான். விசிறியின் நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை சிறிது சிறிதாக முடுக்கினான். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது; திரையோ இருண்டே கிடந்தது! தந்தையின் முகம் வெளிறியது. பையன் கலங்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி, சரியாக அமராதிருந்த ராம் துண்டைச் சொடுக்கென்ற ஒலி கேட்கும்வரை அழுத்தினான். திரை ஒளிர்ந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

இலவச ஆட்டங்கள், உள்ளே விற்கும் ஆடை அணிகளால் பொருள் ஈட்டுகின்றன. எனவே வங்கி அட்டையின் எண்ணைக் கணிப்பொறியில் பதித்து வைக்காதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் முற்றிலும் வேறு. அவற்றை 2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. கணிப்பொறியைக் கூடத்தில் வையுங்கள். ஆடும் நேரத்தைப் பிள்ளையோடு பேசி வரையறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஏன் வேண்டும்?" என்று ஒருமுறை கேளுங்கள். நாமும் கேளாமலே கண்டிக்கப் பார்த்தவர்தாம்.

சில வாரங்களுக்குப் பின், ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் தந்தை நம்மிடம் வந்தார். "நேற்று இரண்டு பேரும் விளையாடிக்கொண்டே பேசினார்கள், சாமி. பெரியவனுக்கு அங்கே வேலையில் ஒரு கஷ்டம் இருக்கிறதாம். எங்களிடம் சொல்லவே இல்லை, தம்பியிடம் சொல்லியிருக்கிறான்" என்றார். சற்றுத் தள்ளி நின்றிருந்த தாயின் கழுத்தில் சங்கிலி இருந்தது.