பழைய கம்பளியில் ஒரு குளிராடை

குளிர் நாள்களுக்கென்று பிள்ளைக்கு வாங்கும் கம்பளிச் சட்டை அடுத்த ஆண்டே போதாமற்போவதை நம் தாய்மார்கள் அறிவர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் அணியும் 'போன்ச்சோ'வுக்குக் கைகளும் இல்லை, பொத்தான்களும் இல்லை. பிள்ளை வளர்ந்தாலும் சில ஆண்டுகள் உதவும். தறியில் நெய்த இரு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவே தலை நுழையுமளவு தைக்காமல் விடுவது அவர்கள் வழக்கம். நாமோ பழைய கம்பளிப் போர்வையிலேயே இதனைச் செய்துகொள்ளலாம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மீட்டர் சதுரத் துண்டு போதும். அதை இரண்டாக மடித்து, மடிப்பின் மேலேயே நடுவில் கழுத்துக்குக் கத்தரிக்க வேண்டும். கவனம் முழுவதும் வேண்டிய இடம் இதுவே. தலையின் சுற்றளவை அளந்து, முதலில் அதில் பாதி நீளமே வெட்டுவோம், 52 செ.மீ. எனில் 26 செ.மீ. தலை நுழையாவிடில் சிறிது கூட்டலாம். மிகுதியாக வெட்டிவிட்டாலோ தோளினின்று நழுவும், குளிரும் அவ்வழியே புகும். நூல் பிரியாதிருக்க அவ்விளிம்பைப் பருத்தி நாடாவால் பொதிந்து தைத்தல் நலம். மற்ற ஓரங்களை மடித்துத் தைத்தாலே போதும். குஞ்சங்கள் அவசியமென நமக்குத் தோன்றவில்லை.

கம்பளி எளிதில் தீப்பற்றாது. செயற்கை இழைத் துணியோ தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எத்துணியாயினும், தளர்ந்து தொங்கும் இவ்வுடையோடு பிள்ளைகளை அடுப்பருகே விடலாகாது. மிதிவண்டியில் ஏறுமுன்னும் கழற்றச் செய்க. ஓரம் சக்கரத்தில் சிக்கும்.